இதயம் மாற்றிய பிள்ளையும் பரபரப்பான வீடும்: மாத்திரை நேரம் முதல் பள்ளி, காய்ச்சல், பண்டிகை வரை முழு வழிகாட்டி

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் கையில் ஒரு தடியான ஃபைல் கொடுப்பார்கள். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், அடுத்த எக்கோ (இதய ஸ்கேன்) எப்போது, எல்லாம் அதில் இருக்கும். ஆனால் மூத்தவளை டியூஷனிலிருந்து கூட்டி வருகிற நேரமும் சின்னவனின் ராத்திரி மாத்திரையும் ஒன்றாக வந்து நின்றால் என்ன செய்வது, கல்யாண மண்டபத்தில் எதைச் சாப்பிடலாம், வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டால் யாருக்கு முதலில் போன் பண்ணுவது என்பதெல்லாம் அதில் இருக்காது. கிளினிக் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மற்ற அப்பா அம்மாக்களிடம் கேட்டுத்தான் பெரும்பாலும் தெரிந்துகொள்கிறோம். சென்னையில் என் பையனுக்கு இதயம் மாற்றிய பிறகு நான் அப்படிக் கேட்டதும், வீட்டில் நடைமுறைக்கு வந்ததும்தான் இது.

படிப்பதற்கு முன் ஒன்று. மருந்து அளவு, எத்தனை டிகிரியில் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் மாறும். நான் எழுதியிருப்பதும் உங்கள் டாக்டர் சொன்னதும் வேறாக இருந்தால் உங்கள் டாக்டர் சொன்னதுதான் சரி.

இன்னொன்று, எனக்கு உறுதியாகத் தோன்றுவது: கண்டிப்பு நாலைந்து விஷயத்தில் மட்டும் இருக்கட்டும். அந்த நாலைந்தில் இம்மியும் விட்டுக்கொடுக்கக் கூடாது. மற்றதெல்லாம் எல்லா வீட்டையும் போல சத்தமும் சண்டையுமாக நடக்கட்டும். எல்லாவற்றிலும் கண்டிப்பாக இருக்கப் பார்க்கிற வீடு ஆறு மாதத்தில் களைத்துப்போகும், களைத்த வீட்டில்தான் மாத்திரை தவறும்.

முதல் படி: இரண்டு நேரங்களை முடிவு செய்யுங்கள்

புது இதயத்தை உடம்பு அந்நியப் பொருளாகப் பார்த்து எதிர்க்காமல் இருக்கத்தான் டேக்ரோலிமஸ் போன்ற மருந்துகள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு 12 மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை. காலை 7, இரவு 7. அல்லது 8, 8. இதை முடிவு செய்யும்போது ஞாயிற்றுக்கிழமையை நினைத்து முடிவு செய்யாதீர்கள், வாரத்திலேயே மோசமான நாள் எதுவோ, ஸ்கூல் வேன் சீக்கிரம் வருகிற, உங்களுக்கு ஆபீஸில் கூட்டம் இருக்கிற, மூத்தவளுக்கு பாட்டு வகுப்பு இருக்கிற அந்த நாளில் எந்த நேரம் சாத்தியமோ அதை வையுங்கள். அப்புறம் லீவு நாளிலும் அதே நேரம்தான். விடுமுறையில் பத்து மணி வரை தூங்கலாம், ஆனால் எழுப்பி மாத்திரை கொடுத்துவிட்டு மறுபடி தூங்க விடுங்கள்.

சாப்பாட்டோடு கொடுப்பதா, வெறும் வயிற்றிலா என்று கேட்டுக்கொண்டு எப்போதும் ஒரே மாதிரி கொடுக்க வேண்டும். ஒருநாள் இட்லிக்கு அப்புறம், ஒருநாள் வெறும் வயிற்றில் என்று மாறினால் ரத்தத்தில் சேரும் அளவும் மாறும்.

இரண்டு கேள்விகளுக்கு இன்றே பதில் வாங்கி பிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ஒரு வேளை மறந்துபோனால் எத்தனை மணி நேரம் வரை கொடுக்கலாம்? கொடுத்ததும் வாந்தி எடுத்தால் எத்தனை நிமிடத்துக்குள் என்றால் மறுபடி கொடுக்க வேண்டும்? இதற்கு ஒவ்வொரு மருத்துவமனையும் ஒரு கணக்கு வைத்திருக்கும். தவறிய வேளைக்கும் சேர்த்து அடுத்த வேளையில் இரண்டு மடங்காகக் கொடுப்பது மட்டும் எங்குமே கிடையாது.

போனில் அலாரம் வைப்பது நல்லதுதான், ஆனால் ஒரே போனில் மட்டும் வேண்டாம். அம்மா போன், அப்பா போன், வீட்டில் இருக்கும் தாத்தா போன். கொடுத்தவர் உடனே தாளில் ஒரு டிக் போட வேண்டும். "நீ கொடுத்தியா, நான் கொடுத்தேனா" என்ற கேள்வி இந்த வீட்டில் எழவே கூடாது. இரண்டு பேரும் கொடுத்துவிடுவது, ஒருவரும் கொடுக்காமல் விடுவதற்குக் குறைந்த ஆபத்து இல்லை.

இரண்டாம் படி: மருந்துக்கு ஓர் அலமாரி, ஒரு தாள்

இதில் நிதானமாகச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் சிக்கல்கள் இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

டேக்ரோலிமஸ் அளவு ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மாறிக்கொண்டே இருக்கும். டப்பாவின் மேல் மருந்துக்கடையில் எழுதிக் கொடுத்தது போன மாதத்து அளவாக இருக்கலாம். அதனால் டப்பாவைப் பார்த்துக் கொடுக்காதீர்கள். அலமாரிக் கதவின் உட்புறம் ஒரே ஒரு தாள்: மருந்தின் பெயர், இப்போதைய அளவு, எந்தத் தேதியிலிருந்து. அளவு மாறினால் பழைய தாளைக் கிழித்துப் போட்டுப் புதிதாக எழுதுங்கள், அடித்துத் திருத்த வேண்டாம். காப்ஸ்யூல் 0.25, 0.5, 1 மில்லிகிராம் என்று பல அளவில் வரும், அட்டைகள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒவ்வொன்றையும் தனி டப்பாவில் வைத்துப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். சின்னக் குழந்தைக்குத் திரவமாகக் கொடுப்பவர்கள் "ரெண்டு எம்எல்" என்று மட்டும் மனதில் வைக்கக் கூடாது. ஒரு எம்எல்லில் எத்தனை மில்லிகிராம் என்பது தயாரிக்கிற இடத்தைப் பொறுத்து மாறும். மில்லிகிராமில் பேசுங்கள், மில்லிகிராமில் எழுதுங்கள்.

மருந்துக்கடையில் "அந்த கம்பெனி இல்லை, இதுவும் அதேதான்" என்று வேறு பிராண்ட் கொடுத்தால் வாங்குவதற்கு முன் மருத்துவமனையின் உறுப்புமாற்று கோஆர்டினேட்டருக்கு போன் பண்ணுங்கள். மாற்றவே கூடாது என்றில்லை, மாற்றினால் ரத்த அளவை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும், அதற்காக அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

மைக்கோபினோலேட் (இதுவும் புது இதயத்தை உடம்பு எதிர்க்காமல் இருக்கத் தரும் மருந்துதான்) கொடுக்கும் வீடுகளில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. அது வயிற்றில் இருக்கும் கருவைப் பாதிக்கக்கூடிய மருந்து. கர்ப்பமாக இருப்பவர், ஆகக்கூடியவர், அந்தக் காப்ஸ்யூலைப் பிரிக்கவோ தூளைத் தொடவோ கூடாது. அத்தையோ சித்தியோ உதவிக்கு வந்திருந்தால் இதைக் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். வயிற்று எரிச்சலுக்குக் கொடுக்கும் மெக்னீசியம், அலுமினியம் கலந்த சிரப்புகள் இந்த மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும், அதனால் இரண்டையும் ஒன்றாகக் கொடுக்கக் கூடாது. ஸ்டீராய்டு கொடுப்பவர்கள் அதை டாக்டர் சொல்லாமல் திடீரென்று நிறுத்தவே கூடாது.

கையிருப்பு. தீரப் போகும்போது வாங்குவது மற்ற வீடுகளுக்குச் சரி. நமக்கு எப்போதும் இரண்டு வாரத்துக்காவது கூடுதலாக இருக்க வேண்டும், வடகிழக்குப் பருவமழைக்கு முன், அதாவது அக்டோபர் ஆரம்பத்திலேயே, ஒரு மாதத்துக்கு. 2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மருந்து தரைத்தள வீட்டின் கீழ் அலமாரியில் இருக்கக் கூடாது, குளிரில் வைக்க வேண்டிய மருந்து எது என்று கேட்டுவைத்து ஒரு ஐஸ் பெட்டியும் தயாராக இருக்கட்டும். கைப்பையில், பாட்டி வீட்டில், பள்ளி அலுவலகத்தில் ஒரு வேளை மருந்து தனியாக இருந்தால் மழையில் மாட்டிக்கொண்டாலும் பதற்றம் இல்லை. ஆனால் வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

மூன்றாம் படி: ரத்தம் எடுக்கும் நாள்

டேக்ரோலிமஸ் லெவல் பார்க்கும் ரத்தம் காலை மருந்துக்கு முன்னால் எடுக்க வேண்டும். கொடுத்துவிட்டுப் போனால் அளவு தப்பாகக் காட்டும், அதை நம்பி மருந்தைக் குறைத்துவிடுவார்கள். முந்தின நாள் இரவு மருந்து சரியான நேரத்தில் கொடுங்கள், காலை வேளையைப் பையில் எடுத்துப் போங்கள், ரத்தம் எடுத்த உடனே அங்கேயே கொடுங்கள். முதல் நாள் ராத்திரியே அலமாரியில் "நாளை காலை கொடுக்காதே" என்று பெரிதாக ஒட்டிவிடுவது நல்லது, அரைத்தூக்கத்தில் எழுந்து கை பழக்கத்தில் கொடுத்துவிடும்.

வெறும் வயிறு தேவையா என்று முதல் நாளே கேளுங்கள். கொழுப்பு, சர்க்கரை பார்க்கும் நாளில் தேவைப்படலாம், எல்லா நாளும் தேவையில்லை. தேவையில்லாத நாளில் பிள்ளையைப் பசியோடு இழுத்துப் போவானேன்.

பயாப்ஸி என்றால் கழுத்து அல்லது தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியை விட்டு இதயத்தின் உள்சுவரிலிருந்து சின்னத் துணுக்குகள் எடுப்பார்கள். வெளியே ஒரு அறிகுறியும் இல்லாமல், புது இதயத்தை உடம்பு எதிர்க்கிற ரிஜெக்‌ஷன் ஆரம்பிக்கலாம் என்பதால்தான் நன்றாக விளையாடுகிற பிள்ளைக்கும் இதைச் செய்கிறார்கள். "நல்லாத்தானே இருக்கான், அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடச் சொல்கிற உறவினருக்கு இந்த ஒரு வரி போதும்.

நான்காம் படி: பள்ளிக்கூடம்

முதல்வர், வகுப்பு டீச்சர், பி.டி. மாஸ்டர் மூன்று பேரையும் ஒன்றாக உட்காரவைத்து ஒரே தடவை பேசுங்கள். ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள், ஃபைல் கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள்.

பி.டி. மாஸ்டருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது இது. மாற்றும்போது இதயத்துக்கு வரும் நரம்புகள் அறுபடுகின்றன. அதனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு மற்ற பிள்ளைகளைவிட வேகமாக இருக்கும். ஓட ஆரம்பித்தால் உடனே வேகம் எடுக்காது. அட்ரினலின் ரத்தத்தில் கலந்து வந்து சேர்ந்த பிறகுதான் எடுக்கும். ஓட்டத்தை நிறுத்தினாலும் உடனே இறங்காது. ஆகவே விளையாட வேண்டாம் என்று மரத்தடியில் உட்காரவைக்க வேண்டியதில்லை, தொடங்கும் முன் மெதுவாக நடக்கவிட்டு, முடிந்த பிறகும் மெதுவாக நடக்கவிட்டு நிறுத்தினால் போதும். டாக்டர் அனுமதித்த பிறகு கபடி போல மோதும் விளையாட்டு பற்றி மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை "முடியல சார்" என்றால் அந்த வார்த்தையை நம்ப வேண்டும், கட்டாயப்படுத்தக் கூடாது.

டீச்சரிடம் சொல்ல வேண்டியது: டேக்ரோலிமஸால் கை லேசாக நடுங்கலாம், கையெழுத்து கோணலாகப் போவது சோம்பல் அல்ல. ஸ்டீராய்டால் முகம் உப்பும், பசி அதிகமாகும், சட்டென்று கோபமோ அழுகையோ வரும். மற்ற பிள்ளைகள் கேலி செய்தால் அன்றைக்கே தலையிட வேண்டும்.

அப்புறம் மிக முக்கியமானது. வகுப்பில் யாருக்காவது சின்னம்மை, மணல்வாரி வந்தால் அன்றைக்கே உங்களுக்கு போன் வர வேண்டும். முதல் சில நாட்களுக்குள் மருந்து கொடுத்தால்தான் பயன். அம்மை போட்ட வீட்டுக்காரர்கள் வெளியே சொல்லத் தயங்கும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறது, அதனால் பெயர் சொல்ல வேண்டாம், தகவல் மட்டும் போதும் என்று பள்ளியிடம் கேளுங்கள்.

ஐந்தாம் படி: தடுப்பூசி, கூடப்பிறந்தவர்கள்

இதயம் மாற்றிய பிள்ளைக்கு உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்யும் தடுப்பூசிகளை, அதாவது மணல்வாரி, ரூபெல்லா, சின்னம்மை, போலியோ சொட்டு மருந்து போன்றவற்றை, பொதுவாகக் கொடுப்பதில்லை. பள்ளியில் தடுப்பூசி முகாம் நடக்கும் நாளில் உங்களைக் கேட்காமல் போடக் கூடாது என்பதையும் அந்த ஒரு பக்கத்தில் எழுதுங்கள். ஃப்ளூ ஊசி வருடா வருடம் பிள்ளைக்கும் வீட்டில் எல்லோருக்கும் போடச் சொல்வார்கள்.

வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே இன்னொரு குழந்தை இருந்தால் போலியோ சொட்டு மருந்து நாளில் வாசலுக்கு வந்துவிடுவார்கள். சொட்டு மருந்துக் கிருமி சில வாரங்கள் மலத்தில் வெளியேறும், எதிர்ப்பு சக்தி குறைந்த பிள்ளை அதே வீட்டில் இருந்தால் ஆபத்து. அந்தக் குழந்தைக்கு ஊசியாகப் போடும் போலியோ தடுப்பூசிதான் சரி. வருகிறவர்களிடம் டாக்டர் கடிதத்தைக் காட்டினால் புரிந்துகொள்வார்கள். கூடப்பிறந்தவர்களுக்கு மணல்வாரி, சின்னம்மை ஊசிகளைக் கட்டாயம் போட்டுவிடுங்கள், அவர்களுக்கு நோய் வராமல் இருப்பதே இந்தப் பிள்ளைக்குக் காவல்.

இதயத்தசை நோயால் மாற்று தேவைப்பட்டிருந்தால் அது பரம்பரையாக வரக்கூடியது. கூடப்பிறந்தவர்களுக்கும் அப்பா அம்மாவுக்கும் எக்கோ பார்க்கச் சொல்வார்கள். பயந்து தள்ளிப்போடாதீர்கள். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் மாற்ற வேண்டி வருவதும் உண்டு. அந்த வீடுகளில் ஆளுக்கொரு நிறம் என்று டப்பா, சிரிஞ்ச், தாள் எல்லாவற்றையும் பிரித்துவிட வேண்டும், ஒருவனுக்குக் கொடுத்து முடித்து டிக் போட்ட பிறகே அடுத்தவன் டப்பாவைத் திறக்க வேண்டும்.

நோயில்லாத பிள்ளையைப் பற்றி எனக்கு ஆதங்கம் அதிகம். வீட்டுக்கு வருகிற எல்லோரும் தம்பியைத்தான் விசாரிப்பார்கள். அக்காவுக்குப் பரீட்சை நடந்தது யாருக்கும் நினைவிருக்காது. வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லுங்கள், முதலில் அவளிடம் பேசுங்கள் என்று. வாரத்தில் ஒரு மணி நேரம் அவளுக்கு மட்டும் அப்பாவோ அம்மாவோ இருக்க வேண்டும், அந்த நேரத்தில் மருந்து, ஆஸ்பத்திரி பேச்சே வேண்டாம். அவளை இன்னொரு நர்ஸாக ஆக்கிவிடவும் வேண்டாம். அவளாக ஆசைப்பட்டு உதவினால் நல்லது, பொறுப்பு பெரியவர்களுடையது.

ஆறாம் படி: சமையல், வெளிச்சாப்பாடு, கஷாயம்

பம்ளிமாஸ், கிரேப்ஃப்ரூட் இரண்டும் கூடவே கூடாது, டேக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். கலந்த பழச்சாறு டப்பாக்களில் இவை சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

நிலவேம்புக் குடிநீர், கபசுரக் குடிநீர், லேகியம், எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடி, எதுவானாலும் கேட்காமல் வேண்டாம். டெங்கு சீசனில் பள்ளியிலேயே வரிசையில் நிற்கவைத்து நிலவேம்பு கொடுப்பார்கள். பாட்டிமார் அன்பினால்தான் கொடுக்கிறார்கள், அவர்களிடம் இப்படிச் சொல்லுங்கள்: இவனுக்கு எதிர்ப்பு சக்தியை வேண்டுமென்றேதான் குறைத்து வைத்திருக்கிறோம், அது கூடினால் இதயத்தைத் தாக்கும். இதைக் கேட்ட பிறகு பெரும்பாலான பாட்டிகள் நமக்கு மேலே காவலாக நிற்பார்கள்.

தண்ணீர் கொதிக்கவைத்து ஆறியது, வெளியே போனால் சொந்த பாட்டில். பானிபூரி, தள்ளுவண்டி ஜூஸ், வெட்டிவைத்த பழம், காய்ச்சாத பால் வேண்டாம். கோயிலில் அபிஷேகப் பாலைத் தீர்த்தமாகக் கொடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு பெரியவர்கள் மட்டும் குடிக்கலாம். கல்யாணப் பந்தியில் ஆவி பறக்கப் பரிமாறுகிற சாதம், சாம்பார் பரவாயில்லை, காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னியும் பச்சடியும் வேண்டாம். ஸ்டீராய்டு பசிக்கு அப்பளம், சிப்ஸ், ஊறுகாய் என்று போனால் ரத்த அழுத்தம் ஏறும். சுண்டல், முட்டை, வீட்டுத் தயிர் என்று முதலிலேயே கைக்கு எட்டும்படி வைத்துவிடுங்கள்.

ஏழாம் படி: காய்ச்சல் வந்தால்

100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் கூப்பிடு என்பது பல இடங்களில் வைத்திருக்கும் கணக்கு. நள்ளிரவானாலும் கூப்பிடுங்கள். சோர்வு, சாப்பிட மறுப்பது, வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குவது, முகம் கால் வீக்கம், திடீரென்று எடை கூடுவது, இவையும் அப்படியே. பிள்ளைகளுக்கு ரிஜெக்‌ஷன் பலமுறை வயிற்றுக் கோளாறு போலத்தான் தொடங்கும், "ஏதோ ஒத்துக்கல" என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். நரம்பு அறுபட்டிருப்பதால் நெஞ்சுவலி தெரியாமலும் போகலாம். கைக்குழந்தை பால் குடிக்கும்போது வியர்த்தால், காரணமில்லாமல் சிணுங்கிக்கொண்டே இருந்தால் அதையும் சொல்லுங்கள். பேதி ஆனால் டேக்ரோலிமஸ் அளவு ஏறும், அதனால் ஒரு நாள் பேதிக்கும் போன் பண்ணுவது மிகை இல்லை.

தெருமுனை டாக்டரிடம் போக நேர்ந்தால் மருந்துத் தாளைக் காட்டுங்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் கூடாது, சிறுநீரகத்துக்கு ஆகாது. குழந்தைகளுக்கான காய்ச்சல் சிரப்புகள் சிலவற்றில் பாராசிட்டமாலோடு இபுப்ரோஃபெனும் கலந்திருக்கும். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோல் டேக்ரோலிமஸை ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின் இறக்கும். இந்தப் பெயர்களைத் தாளின் பின்பக்கம் எழுதி, அதன் படத்தை இரண்டு பேர் போனிலும் வையுங்கள்.

கதவுக்குப் பின்னால் ஒரு பை எப்போதும் தொங்கட்டும்: இரண்டு நாள் மருந்து, ஃபைல் நகல், காப்பீட்டு அட்டை, சார்ஜர், ஒரு மாற்றுத்துணி, பிள்ளைக்குப் பிடித்த ஒரு பொருள். மூத்தவள் அன்றிரவு எந்த வீட்டில் தூங்குவாள் என்பதும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

எட்டாம் படி: வேலையைப் பங்கிடுவது, பணம்

எல்லாம் அம்மா தலையில்தான் விழுகிறது. அப்பாவுக்கு அளவு தெரியாது, "அவளைக் கேளுங்க" என்பார். இது அன்புக்குறைவு இல்லை, ஆனால் ஆபத்து. அம்மாவுக்கு டெங்கு வந்து படுத்தால் அந்த வீட்டில் மருந்து தெரிந்தவர் யாருமில்லை. ஒரு வாரம் அம்மா வார மாத்திரைப் பெட்டியை நிரப்ப அப்பா சரிபார்க்கட்டும், மறு வாரம் மாற்றி. மூன்றாவதாக ஒருவர், தாத்தாவோ சித்தியோ பக்கத்து வீட்டு அக்காவோ, ஒரு நாள் முழுக்கத் தனியாகச் சமாளிக்கும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதயமாற்று சிகிச்சையும் அடங்கும். ஆனால் வீட்டுச் செலவை வருடக்கணக்கில் இழுப்பது அதற்குப் பிறகான மாத மருந்தும் பரிசோதனையும்தான். எது இலவசமாகக் கிடைக்கும், எங்கே வாங்கினால் குறையும் என்று மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடமும் கோஆர்டினேட்டரிடமும் வெட்கப்படாமல் கேளுங்கள். காசு தீர்ந்து மருந்தை ஒரு நாளைக்கு ஒரு வேளையாகக் குறைப்பதற்கு முன் அவர்களிடம் சொல்லிவிடுங்கள், வழி இருக்கும்.

ஒன்பதாம் படி: கொடுத்தவரைப் பற்றிப் பேசுவது

இந்த இதயம் யாருடையது என்று பிள்ளை ஒருநாள் கேட்கும். பொய் சொல்லாதீர்கள். இறந்துபோன ஒருவரின் குடும்பம், அந்தத் துக்கத்தின் நடுவிலும் உனக்குக் கொடுத்தார்கள் என்று வயதுக்கேற்பச் சொல்லலாம். நீ வாழ வேண்டும் என்பதற்காக யாரும் இறக்கவில்லை, இறந்த பிறகே கொடுத்தார்கள் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், பிள்ளைகள் மனதில் இந்தக் குழப்பம் வரும். 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த திருக்கழுக்குன்றத்து மாணவன் ஹிதேந்திரனின் உறுப்புகளை டாக்டர்களான அவனுடைய பெற்றோர் தானம் செய்தார்கள். இதயம் சென்னை முகப்பேரில் காத்திருந்த 9 வயதுச் சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் உறுப்புதானம் பரவலாகப் பேசப்பட்டது அதற்குப் பிறகுதான். செப்டம்பர் 23 இங்கே உறுப்புதான நாள். உறுப்புதானம் செய்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதை செய்யப்படும் என்று 2023இல் அதே நாளில்தான் முதலமைச்சர் அறிவித்தார். வளர்ந்த பிள்ளையிடம் இதையெல்லாம் சொல்லலாம். கொடுத்த குடும்பத்தை நாமாகத் தேடிப் போவது சரியில்லை. நன்றிக் கடிதம் எழுத ஆசையென்றால் வழி உண்டா என்று கோஆர்டினேட்டரைக் கேளுங்கள்.

பத்தாம் படி: மருந்தைப் பிள்ளையின் கைக்கு மாற்றுவது

மாத்திரை அதிகம் தவறுவது கைக்குழந்தைப் பருவத்தில் இல்லை, விடலைப் பருவத்தில். மற்றவர்களைப் போல இருக்க வேண்டும் என்ற ஆசை, முகம் உப்புவது பிடிக்காதது, ஹாஸ்டல், நண்பர்கள். ஒரே நாளில் "இனி நீயே பார்த்துக்கோ" என்று விட்டால் நடக்காது. ஏழெட்டு வயதில் மருந்தின் பெயர் தெரியட்டும். பத்து வயதில் உங்கள் எதிரில் தானே எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும். பன்னிரண்டில் வாரப் பெட்டியை நிரப்பட்டும், நீங்கள் சரிபாருங்கள். பதினான்கில் டாக்டரிடம் முதல் பத்து நிமிடம் தனியாகப் பேசட்டும், நீங்கள் வெளியே உட்காருங்கள். புகை, மது, பச்சை குத்துவது பற்றி உங்களிடம் கேட்காத கேள்வியை அங்கே கேட்பான்.

மாற்று இதயம் ஆயுள் முழுக்க வரும் என்ற உத்தரவாதம் இல்லை என்பதும், அதன் ரத்தக்குழாய்கள் காலப்போக்கில் சுருங்கலாம் என்பதும், அதற்காகத்தான் அவ்வப்போது ஆஞ்சியோ என்பதும் அந்த வயதில் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். டாக்டர் வாயால், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது தெரிவது நல்லது. வேளை தவறினால் திட்ட மாட்டீர்கள் என்று அவன் நம்பினால்தான் தவறியதை அன்றைக்கே சொல்வான்; எனவே சொன்னால் திட்டாதீர்கள், போனை எடுத்துக் கோஆர்டினேட்டரைக் கூப்பிட்டு அடுத்து என்ன செய்வது என்று அவனையே கேட்க வையுங்கள்.